சனிக்கிழமை ஆட்டம் யாருக்குச் சொந்தம்?

அமெரிக்காவின் மிகப் பெரிய விளையாட்டரங்குகள் தொழில்முறை அணிகளுடையவை அல்ல, கல்லூரிகளுடையவை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அரங்கில் 1,07,601 பேர் உட்காரலாம். பென் ஸ்டேட், ஒஹாயோ ஸ்டேட், டெக்சஸ், டெக்சஸ் ஏ அண்ட் எம், டென்னசி, அலபாமா, லூயிசியானா ஸ்டேட் ஆகியவற்றின் அரங்குகளும் லட்சத்தைத் தாண்டியவை. கோடிகளில் புரளும் என்எஃப்எல் என்ற தொழில்முறைக் கால்பந்து லீகின் 32 அணிகளில் ஒன்றுக்குக்கூட லட்சம் இருக்கைகள் கிடையாது. அந்தக் கல்லூரி அரங்குகள் நிற்கும் ஊர்களில் பல, நம் கணக்கில் ஒரு மாவட்டத் தலைநகர் அளவுகூட வராதவை. ஆட்ட நாளில் சில ஊர்களின் மக்கள்தொகையைவிட அரங்கத்தின் கூட்டம் பெரிதாகிவிடும். அந்தக் கல்லூரியில் ஒரு நாளும் படிக்காதவர்கள், தாத்தா காலத்திலிருந்து அதே வரிசை இருக்கைகளை வைத்திருப்பவர்கள், காலையிலேயே வந்து வண்டி நிறுத்துமிடத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள்.

வெள்ளி இரவு பள்ளிக்கூட ஆட்டம், சனிக்கிழமை கல்லூரி ஆட்டம், ஞாயிறு தொழில்முறை ஆட்டம் என்ற வரிசை பழக்கத்தால் மட்டும் நிலைத்ததல்ல. லீகுகள் தம் ஒளிபரப்பு உரிமையைக் கூட்டாக விற்கலாம் என்று 1961இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியபோது ஒரு நிபந்தனையும் வைத்தது. செப்டம்பரிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை, வெள்ளி மாலையிலும் சனிக்கிழமையிலும், கல்லூரி ஆட்டங்கள் (பின்னர் பள்ளி ஆட்டங்களும்) நடக்கும் ஊர்ப்பக்கம் தொழில்முறை ஆட்டத்தை ஒளிபரப்பினால் அந்தச் சலுகை கிடைக்காது. சனிக்கிழமையைக் கல்லூரிக்கென்று நாடே ஒதுக்கி வைத்த ஏற்பாடு அது.

அந்தச் சனிக்கிழமை இன்று ரசிகர்களுக்கு அந்நியமாகிவருகிறது. காரணம் கேட்டால் பெரும்பாலோர் கைகாட்டுவது வீரர்களை: பையன்கள் பணம் கேட்கத் தொடங்கிவிட்டார்கள், ஆண்டுக்கொரு கல்லூரி மாறுகிறார்கள், விசுவாசம் போய்விட்டது. நெடுங்காலமாக இந்த ஆட்டங்களைப் பார்த்துவரும் ரசிகன் என்ற முறையில் எனக்கு அந்தக் குற்றச்சாட்டில் உடன்பாடு இல்லை. வீரர்களுக்குப் பணம் வந்தது நூற்றாண்டுக் கடன் திரும்பியதுதான். ஆட்டத்தைக் குலைத்தது வேறொன்று.

கல்லூரி விளையாட்டு எப்போதாவது பணம் படாமல் இருந்ததா? 1852இல் நியூ ஹாம்ப்ஷயர் ஏரியொன்றில் ஹார்வர்டும் யேலும் படகு வலித்த முதல் கல்லூரிப் போட்டிக்குச் செலவு செய்தது ஒரு ரயில் கம்பெனி. தன் பாதையில் உல்லாசப் பயணிகளை இழுப்பதற்காக. 1869இல் ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் முதல் கால்பந்து ஆட்டம் ஆடின. அடுத்த முப்பது ஆண்டுகளில் அது உயிரைக் குடிக்கும் ஆட்டமாக வளர்ந்தது. 1905இல் மட்டும் பதினெட்டுப் பேருக்குக் குறையாமல் மாண்டார்கள் என்பது அன்றைய செய்தித்தாள் கணக்கு. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பொறுப்பாளர்களை வெள்ளை மாளிகைக்கே அழைத்துப் பேச வேண்டிவந்தது. விதிகளைத் திருத்த 1906இல் எழுந்த அமைப்புதான் 1910 முதல் என்சிஏஏ என்று அறியப்படுகிறது. வீரர்களின் உடம்பைக் காப்பதற்காகப் பிறந்த அமைப்பு அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1929இல் கார்னகி அறக்கட்டளை நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, அவற்றில் பெரும்பாலானவை வீரர்களை ஏதோ ஒரு வகையில் பணமோ சலுகையோ காட்டி இழுத்தன என்று கண்டது. சட்டைப்பையில் திணித்த நோட்டு, பெயருக்கு ஒரு வேலை, பழைய மாணவர் தரும் செலவுப்பணம் என்று அப்போதே எல்லாம் இருந்தன. 1956இல் என்சிஏஏ விளையாட்டுக்கான கல்வி உதவித்தொகையை முறைப்படி அனுமதித்தது. படிப்பு, தங்குமிடம், சாப்பாடு போன்ற செலவுகளுக்கு மேல் கூடாது என்ற கோடு அப்போது விழுந்தது.

அதே காலத்தில் நடந்த ஒரு வழக்கை அமெரிக்க ரசிகர்களிலேயே பலர் அறியமாட்டார்கள். 1955இல் கொலராடோவின் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஆடிய ரே டென்னிசன் என்ற இளைஞர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். தொழிலாளர் இழப்பீடு கேட்டு அவர் மனைவி வழக்காடினார். கல்லூரி கால்பந்து வியாபாரம் நடத்தவில்லை, ஆகவே இழப்பீடு இல்லை என்று 1957இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஆடுகிறவர் மாணவர்தான், ஊழியர் அல்ல என்ற வாதம் என்சிஏஏவின் கோட்டைச் சுவராக ஆனது இப்படிப்பட்ட வழக்குகளுக்கு அஞ்சித்தான். இதைச் சொன்னவர் எதிரி அல்ல. 1951 முதல் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல் அந்த அமைப்பை நடத்திய வால்டர் பையர்ஸே ஓய்வுக்குப் பின் 1995இல் எழுதிய நூலில் அதை ஒப்புக்கொண்டார். தான் கட்டிய அமைப்பு வீரர்களைச் சுரண்டுகிறது என்று அந்த மனிதரே எழுதிய பிறகும் கால் நூற்றாண்டு எதுவும் மாறவில்லை. என்னை இன்றும் கோபப்படுத்துவது அந்தக் கால் நூற்றாண்டுதான்.

ரெஜி புஷ் கதையைப் பாருங்கள். சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணியில் பந்தோடு ஓடும் ஆட்டக்காரர். 2005இல் கல்லூரிக் கால்பந்தின் தலையாய விருதான ஹைஸ்மன் கோப்பை பெற்றார். அவர் குடும்பம் ஏஜென்டுகளிடமிருந்து உதவி பெற்றது என்று பின்னர் தெரியவந்ததும் கல்லூரியின் வெற்றிகள் அழிக்கப்பட்டன. 2010இல் அவர் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார். அவர் ஓடியதால் நிரம்பிய அரங்கின் டிக்கெட் பணத்தையோ ஒளிபரப்புப் பணத்தையோ யாரும் யாருக்கும் திருப்பிக் கொடுக்கவில்லை. கோப்பை அவர் கைக்கு மீண்டும் வந்தது 2024 ஏப்ரலில். அதற்குள் கல்லூரி வீரர்கள் வெளிப்படையாக விளம்பரங்களில் நடித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது ஆட்டத்தைக் குலைத்தது எது என்ற கேள்விக்கு வருகிறேன். என் பதில் 1984. அதுவரை எந்தக் கல்லூரியின் ஆட்டம் எத்தனை முறை தொலைக்காட்சியில் வரலாம் என்பதை என்சிஏஏ தன் பிடியில் வைத்திருந்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குத் தொடுத்தன. ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிடியை உடைத்தது. மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதி பைரன் வைட், தம் இளமையில் கொலராடோவின் பெயர்பெற்ற கால்பந்து வீரர். அன்றிலிருந்து ஒளிபரப்பு உரிமையைக் கல்லூரிகளும், கான்ஃபரன்ஸ் எனப்படும் கல்லூரிக் கூட்டணிகளும் நேரடியாக விற்கலாயின. பக்கத்து மாநிலத்துக் கல்லூரிகள் பஸ்ஸில் போய் வந்து ஆடுவதற்காக அமைத்துக்கொண்ட அந்தக் கூட்டணிகள், தொலைக்காட்சிக்குச் சரக்கு திரட்டும் நிறுவனங்களாக மாறியது அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான்.

அதன் உச்சத்தை மேற்குக் கரையில் கண்டோம். 1915இல் வேர்விட்ட பசிபிக் கரைக் கூட்டணி, பாக்-12 என்ற பெயரில், எல்லா விளையாட்டுகளையும் சேர்த்தால் நாட்டிலேயே அதிகப் பட்டங்கள் வென்ற கூட்டணியாக இருந்தது. 2022 ஜூன் இறுதியில் சதர்ன் கலிஃபோர்னியாவும் யுசிஎல்ஏவும் பிக் டென் கூட்டணிக்குப் போவதாக அறிவித்தன. அங்கே ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றும் சேர்ந்து ஏழு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 700 கோடி டாலர் தரும் ஒப்பந்தம் காத்திருந்தது. அடுத்த கோடையில் ஒன்றன்பின் ஒன்றாக மேலும் எட்டுக் கல்லூரிகள் வெளியேற முடிவெடுத்துவிட்டன. மிஞ்சியவை ஆரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும். இரண்டுமே சிற்றூர்க் கல்லூரிகள், பெரிய தொலைக்காட்சிச் சந்தை இல்லாதவை. அவை செய்த ஒரே தவறு அதுதான். 2026இல் வேறு கல்லூரிகளைச் சேர்த்து அந்தப் பெயரை உயிர்ப்பிக்கிறார்கள், ஆனால் நூறாண்டு அண்டைப்பகை திரும்பி வராது.

பசிபிக் கரையின் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் இப்போது அட்லாண்டிக் கரையின் பெயரைத் தாங்கிய கூட்டணியில் ஆடுகின்றன. லாஸ் ஏஞ்சலஸின் யுசிஎல்ஏவும் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸும் ஒரே கூட்டணி, இடையே ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். கால்பந்து அணிக்கு இது பெரிய சிரமமில்லை. வெளியூர் ஆட்டம் ஆண்டுக்கு ஐந்தோ ஆறோதான், தனி விமானம் உண்டு. வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆடும் கைப்பந்துப் பெண்களும் சாஃப்ட்பால் பெண்களும்தான் தேர்வுக்கு முந்தைய இரவில் நாட்டின் மறுகோடியிலிருந்து பறந்து வருகிறார்கள். இந்த முடிவை எடுத்தவர்களில் ஒரு வீரரும் இல்லை, ஒரு வீராங்கனையும் இல்லை. விசுவாசம் பற்றி இருபது வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர்கள், ஒளிபரப்புப் பணத்துக்காகக் கூட்டணியைக் கைவிட்ட தலைவர்களைப் பற்றி என்ன சொல்வார்கள்?

வீரர்களின் பக்கம் நீதிமன்றங்கள் மெல்லத்தான் திரும்பின. 1995இல் யுசிஎல்ஏவுக்குக் கூடைப்பந்துப் பட்டம் வென்ற எட் ஒபானன், தன்னைப் போலவே உருவம் கொண்ட ஆட்டக்காரர் ஒரு வீடியோ கேமில் ஆடுவதைக் கண்டு 2009இல் வழக்குத் தொடுத்தார். 2014இல் நீதிபதி கிளாடியா வில்கன் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 2019இல் கலிஃபோர்னியா, கல்லூரி வீரர்கள் தம் பெயராலும் முகத்தாலும் சம்பாதிப்பதை யாரும் தடுக்கக்கூடாது என்று சட்டம் இயற்றியது. 2021 ஜூன் 21 அன்று ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்த்தார்கள். வேறெந்தத் தொழிலிலும் உழைப்பவருக்குச் சந்தை ஊதியம் தராமலிருப்பதை மரபு என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்ற பொருள்பட நீதிபதி கவனா தனியாக எழுதினார். பத்தே நாளில், ஜூலை 1 அன்று, விளம்பர வருமானத்துக்கான தடை நீங்கியது. அதே ஆண்டு, கல்லூரி மாறினால் ஓராண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற விதியும் முதல் மாற்றத்துக்குத் தளர்ந்தது. 2024இல், படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றானது.

இங்கேதான் ரசிகர்களின் குறை தொடங்குகிறது, அதில் உண்மையும் இருக்கிறது. ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் எனப்படும் பெயர்ப்பட்டியலில் ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கானோர் சேர்கிறார்கள். சிலருக்கு இடமே கிடைக்காமல் போகிறது. புதிய கல்லூரியில் முந்தைய பாடங்கள் பலவற்றை ஏற்காததால் பட்டம் தள்ளிப்போகிறவர்களும் உண்டு. 2024இல் நெவாடாவின் லாஸ் வேகஸ் பல்கலைக்கழகத்துக்கு முதல் மூன்று ஆட்டங்களையும் வென்று தந்த அணியின் ஆட்டத்தை வழிநடத்தும் குவாட்டர்பேக் மேத்யூ ஸ்லூகா, தனக்குச் சொன்ன வாக்கைக் காப்பாற்றவில்லை என்று கூறி ஆட்டப்பருவத்தின் நடுவே விலகினார். கல்லூரித் தரப்பு மறுத்தது. யார் சொல்வது சரி என்று தீர்க்க எந்த வழியும் இல்லை. முறையான ஒப்பந்தம் இருந்திருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது.

ஆனால் பயிற்சியாளர்கள் காலங்காலமாக இப்படித்தான் மாறிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கோச் வேறு கல்லூரிக்குப் போனால் அது முன்னேற்றம். 2023இல் டெக்சஸ் ஏ அண்ட் எம், ஜிம்போ ஃபிஷர் என்ற பயிற்சியாளரை நீக்கியபோது மீதி ஒப்பந்தத்துக்காக அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கு மேல். பயிற்சி தராமலிருக்க ஒருவருக்கு இவ்வளவு. பெரும்பாலான மாநிலங்களில் அதிகச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர் ஆளுநரோ மருத்துவரோ அல்ல, கால்பந்து அல்லது கூடைப்பந்துக் கோச்தான். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? ஆடுகிறவர்களுக்குத் தராமல் வைத்திருந்ததிலிருந்து வந்தது. பெரிய கல்லூரிகளின் கால்பந்து, கூடைப்பந்து அணிகளில் கறுப்பின இளைஞர்கள் ஏராளம், நிர்வாக நாற்காலிகளிலோ பெரும்பாலும் வெள்ளையர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பணம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஓடியது என்பது விளங்கும்.

புதிய முறை ஆட்டத்தைக் கெடுத்துவிட்டது என்பவர்கள் இண்டியானாவைப் பார்க்க வேண்டும். எழுநூறுக்கும் மேற்பட்ட தோல்விகளைச் சுமந்த அணி அது. 2023இல் மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. கர்ட் சிக்னெட்டி என்ற அறுபது வயதைத் தாண்டிய பயிற்சியாளர் ஜேம்ஸ் மேடிசன் என்ற சிறிய பல்கலைக்கழகத்திலிருந்து வந்தார். தன் பழைய வீரர்களில் பதின்மூன்று பேரை உடன் அழைத்து வந்தார். பெரிய கல்லூரிகள் ஏறெடுத்தும் பார்க்காத பையன்கள். 2024இல் பதினோரு வெற்றி. அடுத்து கலிஃபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து ஃபெர்னாண்டோ மெண்டோசா என்ற குவாட்டர்பேக் வந்து ஹைஸ்மன் கோப்பை வென்றார். 2026 ஜனவரியில் மயாமியை 27-21 என்று வென்று, பதினாறு ஆட்டங்களில் ஒரு தோல்வியும் இல்லாமல் இண்டியானா நாட்டின் பட்டத்தை எடுத்துக்கொண்டது. பழைய விதிகளின் கீழ் அலபாமா, ஒஹாயோ ஸ்டேட் போன்ற ஒரு கைப்பிடி அணிகளே மாறி மாறி ஆண்ட காலத்தில் இது கனவிலும் நடந்திருக்காது. வீரர் நகர முடிந்ததால்தான் நடந்தது.

தொழில்முறை லீகுகள் இந்தப் பாடத்தை முன்பே கற்றுவிட்டன. பேஸ்பால் உரிமையாளர்கள் வீரரை ஆயுள் முழுவதும் கட்டிவைத்தபோது கர்ட் ஃப்ளட் என்ற வீரர் வழக்காடி 1972இல் தோற்றார். அவர் தோல்விக்குப் பின் மூன்றே ஆண்டில் தொழில் தகராறு நடுவர் ஒருவரின் தீர்ப்பு வீரர்களை விடுவித்தது. ஆட்டம் அழியும் என்றார்கள், அழியவில்லை. என்எஃப்எல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்து, நீதிமன்றம் போய், 1993இல் அணி மாறும் உரிமை பெற்றார்கள். பதிலுக்குச் சம்பள உச்சவரம்பை ஏற்றார்கள். 2025இல் அது ஓர் அணிக்கு 27.92 கோடி டாலர். தேசிய ஒளிபரப்புப் பணம் 32 அணிகளுக்கும் சமமாகப் பிரிகிறது. அதனால்தான் லட்சம் பேர் வாழும் கிரீன் பே ஊர், ரசிகர்களே பங்குதாரர்களாக நடத்தும் ஓர் அணியை வைத்துக்கொண்டு நியூயார்க்குக்குச் சமமாக ஆட முடிகிறது. புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட், உச்சவரம்பு, ஒப்பந்த ஆண்டுகள் ஆகியவற்றுக்குச் சட்ட வலு கிடைத்தது சங்கத்தோடு பேசி முடித்ததால். கல்லூரிகள் அந்தக் கட்டுப்பாடுகளை மட்டும் கேட்கின்றன, சங்கத்தைக் கேட்பதில்லை.

தொழில்முறை உலகில் எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்லவில்லை. ஓக்லண்ட் ஒரே தலைமுறையில் கூடைப்பந்து, கால்பந்து, பேஸ்பால் மூன்று அணிகளையும் இழந்தது. கடைசியாக அத்லெடிக்ஸ் அணி 2024 முடிவில் போனது. 2018இல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியபின் சூதாட்டம் பெரும்பாலான மாநிலங்களில் சட்டப்படியானது. ஒரு வீரர் எத்தனை பந்து எடுப்பார் என்பதன் மீதுகூடப் பந்தயம் கட்டுகிறார்கள். 2024இல் ஜான்டே போர்ட்டர் என்ற என்பிஏ கூடைப்பந்து வீரர் அப்படிப்பட்ட பந்தயங்களுக்காகத் தன் ஆட்டத்தையே பாதியில் விட்டு வெளியேறியது நிரூபணமாகி ஆயுள் தடை பெற்றார். கல்லூரி வீரர்கள் மீதான தனிநபர் பந்தயங்களை முற்றாகத் தடைசெய்ய வேண்டும், இதில் தயக்கத்துக்கே இடமில்லை.

மகிழ்ச்சியோடு சொல்ல வேண்டியது பெண்கள் விளையாட்டு. 2021இல் கூடைப்பந்துப் போட்டியின்போது பெண்களுக்கு ஒதுக்கிய உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரே ஒரு சிறு அடுக்கு எடைகள் இருந்ததை ஆரிகன் வீராங்கனை செடோனா பிரின்ஸ் படம்பிடித்துக் காட்டினார். மூன்றே ஆண்டில், கேட்லின் கிளார்க்கின் ஐயோவா சவுத் கரோலினாவிடம் தோற்ற இறுதிப் போட்டியை ஏறத்தாழ 1.9 கோடிப் பேர் பார்த்தார்கள். அவ்வாண்டு ஆண்கள் இறுதிப் போட்டியைவிட அது அதிகம். 2023இல் நெப்ராஸ்காவின் கைப்பந்து ஆட்டத்துக்கு 92,003 பேர் திரண்டார்கள். கூட்டம் வராது என்று ஐம்பது ஆண்டு சொல்லிவந்தது பொய் என்று ஆனது.

நமக்கு நேரடித் தொடர்புள்ள ஒரு பக்கமும் உண்டு. சென்னையில் பயிற்சி பெற்ற சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008இல் கல்லூரி டென்னிஸ் ஒற்றையர் பட்டம் வென்றார். உயரம் தாண்டும் தேஜஸ்வின் சங்கர் கேன்சஸ் ஸ்டேட்டில் வளர்ந்தவர். மதுரையின் தக்ஷிணேஸ்வர் சுரேஷ் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக அணியிலிருந்து வந்து 2025 செப்டம்பரில் டேவிஸ் கோப்பையில் சுவிட்சர்லாந்தின் ஜெரோம் கிம்மை வீழ்த்தினார். நம் நாட்டில் பதினெட்டு வயதுக்குப் பின் விளையாட்டா படிப்பா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய பிள்ளைகளுக்கு இரண்டையும் தரும் வழி அது. டென்னிஸ், தடகளம், நீச்சல் அணிகளைக் கால்பந்துப் பணம்தான் தாங்குகிறது. புதிய செலவுகளைக் காட்டி அவற்றைக் கலைக்கத் தொடங்கினால் இந்த வழி அடைபடும். மாணவர் விசாவில் இருப்பவர்கள் வேலை செய்து சம்பாதிக்கச் சட்டம் இறுக்கமான வரம்பு போடுவதால், சக வீரர் பெறும் விளம்பரப் பணத்தை இவர்கள் பெரும்பாலும் தொட முடிவதில்லை. ஒரே அணியில் ஆடுகிறவர்களிடையே இது அநியாயம், இதைத் தீர்க்க யாரும் அவசரப்படவும் இல்லை.

2025 ஜூன் 6 அன்று அதே நீதிபதி வில்கன், கல்லூரி வீரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் தந்தார். பழைய வீரர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டாலர் ஈடு. முதல் ஆண்டில் ஒவ்வொரு கல்லூரியும் தன் வீரர்களுக்கு 2.05 கோடி டாலர் வரை நேரடியாகப் பகிரலாம். அந்தப் பணத்தின் பெரும்பங்கு ஆண்கள் கால்பந்துக்கே போகும் என்று வீராங்கனைகள் சிலர் மேல்முறையீடு செய்தார்கள், அது நியாயமான கேள்வி. என் குறை வேறு: 2.05 கோடி என்ற உச்சவரம்பை வீரர்களின் சங்கம் எதுவும் பேசித் தீர்மானிக்கவில்லை. வக்கீல்கள் தீர்மானித்தார்கள். ஆகவே ஒவ்வொரு விதிக்கும் நாளைக்கு ஒரு புதிய வழக்கு வரும், வந்துகொண்டும் இருக்கிறது.

டார்ட்மத் கல்லூரிக் கூடைப்பந்து வீரர்கள் 2024 மார்ச்சில் 13-2 என்று வாக்களித்துச் சங்கம் அமைத்தார்கள். அவர்கள் மனுவை விசாரித்த தொழிலாளர் வாரியத்தின் உறுப்பினர்கள் மாறுவார்கள் என்று கண்டு ஆண்டு இறுதியில் மனுவைத் திரும்பப் பெற்றார்கள். இப்போது என்சிஏஏ நாடாளுமன்றத்தின் வாசலில் நிற்கிறது. வழக்குகளிலிருந்து பாதுகாப்பு வேண்டும், வீரர்கள் ஊழியர் அல்ல என்று சட்டமே சொல்ல வேண்டும் என்பது அது ஆதரிக்கும் ஸ்கோர் மசோதாவின் சாரம். ரே டென்னிசனின் மனைவிக்குச் சொன்ன பதிலை நாடு முழுமைக்கும் சட்டமாக்கக் கேட்கிறார்கள். அந்த மசோதா தோற்க வேண்டும். பிக் டென்னின் ஒளிபரப்பு ஒப்பந்தம் 2030இல் முடிகிறது. அடுத்ததற்கான பேச்சு தொடங்கும்போது எந்தக் கல்லூரி எங்கே ஆடும், எத்தனை தூரம் பறக்கும், காயத்துக்கு யார் பொறுப்பு, டென்னிஸ் அணிக்கு எவ்வளவு என்பவை மறுபடி பேசப்படும். அந்த மேசையில் ஆடுகிறவர்களின் பிரதிநிதிகளுக்கு வாக்கோடு கூடிய நாற்காலி வேண்டும்.